யானை முனிராஜ் போட்ட மனு

பம்பைக் கழற்றவும் பூட்டவும் உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் வேலை செய்த காலத்தைவிட இப்போது கருவிகளும் நல்லவையாக வந்துவிட்டன. அதனால் வாஷரைப் பற்றியும் வால்வைப் பற்றியும் எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்கப் போவதில்லை. முதுகு போய் நான் வேலையை விட்ட பிறகு, ஒன்றியத்தில் அடிபம்பு மெக்கானிக்குகளாகப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து, "கூட்டத்துல வந்து ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்கண்ணா" என்று கேட்டீர்கள். எனக்குப் பேச வராது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்தாலே சொல்ல வந்தது தொண்டையில் நின்றுவிடும். ஐந்தாவதுவரை படித்தவன்தான் என்றாலும் எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன், உங்களில் யாராவது வாசித்துவிடுங்கள்.

இந்த வேலையில் ஆழ்துளைக் குழியைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். என்றாவது ஒரு நாள் ஓர் ஆளைப் பற்றிக் கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள். அன்று நான் செய்தது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. ஆகவே இதைப் பாடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆளின் பெயர் முனிராஜ். குழி போடும் போர் வண்டியில் மெஷின் பிடிப்பவன். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், சண்டை வந்தால் கன்னடம். ஓசூர் பக்கம் அவனைத் தெரியாத டீக்கடை கிடையாது. பெங்களூரில் ஒரு மந்திரி வீட்டுத் தோட்டத்தில் தான் போட்ட குழியில் வெந்நீர் வந்தது என்பான். ஒரு வாரம் கழித்து அதே கதையைச் சொல்லும்போது மந்திரி சினிமா நடிகராகியிருப்பார். வண்டி டீசலைக் கேனில் பிடித்து விற்பான். அதை நானே பார்த்திருக்கிறேன், கடைக்காரனும் பார்த்திருக்கிறான், ஊரே பார்த்திருக்கிறது.

ஒரு முறை என்னுடைய பெரிய பைப் ரெஞ்சை இரவல் வாங்கிப் போனான். ஒரு மாதம் கழித்துக் கேட்டேன்.

"அண்ணா, சானமாவு காட்டுகிட்ட வண்டிய நிறுத்திட்டுச் சமைச்சிட்டிருந்தோமா, யானை வந்துடுச்சு. நாங்க ஓடிட்டோம். திரும்பி வந்து பாத்தா உன் ரெஞ்ச மிதிச்சிட்டுப் போயிருக்குது."

"மத்த சாமானெல்லாம்?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகல."

"என் ரெஞ்ச மட்டும் தேடி வந்து மிதிச்சுதா?"

"யானைக்கு என்னாண்ணா தெரியும், அது யாரு ரெஞ்சுன்னு?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் யானை முனிராஜ். பிறகு ஒரு நாள் ஓசூரில் பழைய இரும்புக் கடையைத் தாண்டிப் போகும்போது, குவியலுக்குள்ளிருந்து ஒரு ரெஞ்சின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கைப்பிடியில் நீல ஒயர் சுற்றியிருந்தது. வழுக்காமலிருக்க நான் சுற்றியது. விற்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். கடைக்காரரிடம் கேட்கக் கூச்சம்.

இப்போது குழிகளுக்கு வருகிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடம் மழை இல்லாமல் போனது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அரசாங்கம் ஊர் ஊராகப் போர் போட்டு அடிபம்பு வைத்தது. எங்கள் பகுதியில் ஒரே ஒப்பந்தக்காரர் மூன்று குழி போட்டார். ஊர்க்காரர்கள் வைத்த பெயரையே நானும் சொல்கிறேன்: கோயில் போர், காலனி போர், காட்டோர போர். ஒவ்வொன்றும் முந்நூறு அடி என்று சொல்லிப் போட்டது. அளந்து பார்த்ததாகக் கையெழுத்திட்ட பொறியாளர் பிறகு பதவி உயர்வில் வேறு இடம் போனார். பம்பு பூட்டியது நான்.

"நீதானே பம்பு பூட்டினே, ஆழம் உனக்குத் தெரியாதா?" என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். தெரியாது. அடிபம்பின் பைப் நூறு அடி சுமாருக்குத்தான் இறங்கும். அதற்குக் கீழே எவ்வளவு இருக்கிறது என்பது மெஷின் பிடித்தவனுக்கும் பக்கத்தில் நின்று எண்ணியவனுக்கும்தான் தெரியும்.

எண்ணுவது என்றேன். நம் பக்கத்தில் ஒரு விவசாயி தன் கைக்காசில் போர் போட்டால் என்ன செய்வார் என்று பார்த்திருப்பீர்கள். ஒரே நீளமுள்ள இரும்பு ராடு ஒவ்வொன்றும் துளைக்குள் இறங்கும்போது வீட்டு ஆள் ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் வைப்பார். அடிக்கணக்கில் கூலி என்பதால் சாப்பிடக்கூட எழுந்து போக மாட்டார்கள். அரசாங்கப் போருக்கு அப்படி இல்லை. ஊரே வேடிக்கை பார்க்க வரும், தேங்காய் உடைப்பார்கள், புழுதி பறக்கும்போது முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். ஒருவரும் கல் வைப்பதில்லை. நம் காசு இல்லையே என்ற நினைப்பு.

மூன்றில் காலனி போர்தான் எனக்குத் தலைவலி. பூட்டிய ஒரு மாதம் தண்ணீர் வந்தது, பிறகு காற்றுதான். நான் போய் வாஷர் மாற்றினால் இரண்டு குடம் வரும், நின்றுவிடும். அங்கே ரத்தினம்மா என்று ஓர் அம்மா. வாய் கொஞ்சம் நீளம்.

"மெக்கானிக்கு வந்தா தண்ணி வருது, போனா போயிடுது. பேசாம உன்னையே இங்க நட்டு வெச்சிடலாமாப்பா?"

சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாற்கரச் சாலையைத் தாண்டப் போவார். தண்ணீர் அந்தப் பக்கத் தோட்டக் கிணற்றில்தான் இருந்தது. பெங்களூர் லாரிகள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். நிறைகுடத்துடன் ஓட முடியாது. அந்தப் பெண்கள் நடுத்திட்டில் வரிசையாக நின்று இரண்டு பக்கமும் பார்ப்பதை பஸ்ஸிலிருந்து பல தடவை பார்த்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் முனிராஜுக்கும் ஒப்பந்தக்காரருக்கும் சண்டை வந்தது. என்ன சண்டை என்று எனக்குச் சரியாகத் தெரியாது. சம்பளம் தரவில்லை என்றான் அவன். டீசல் திருடினான் என்றார்கள் அவர்கள். வேலையை விட்டு நிறுத்தி, போலீசிலும் ஒரு புகார் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து முனிராஜ் திங்கட்கிழமை மனுநாளில் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்குப் போய், மூன்று போரும் பாதி ஆழம்தான், அதிகாரிகள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள் என்று மனு கொடுத்துவிட்டான். பத்திரிகையில் சின்னதாக வந்தது.

டீக்கடையில் வாசித்தவர் பேரைப் பார்த்ததும் நிறுத்தினார். "யாரு, நம்ம யானை முனிராஜா?"

"குழி பாதிதான் இருந்துச்சாமா? மீதிய யானை மிதிச்சு மூடியிருக்கும்!"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் அவனே என்னைத் தேடி வந்தான். கண் குழிவிழுந்திருந்தது.

"அண்ணா, விசாரணைக்கு வராங்களாம். மனு பொய்யின்னு முடிஞ்சுதுன்னா என்னைத் தூக்கி உள்ள போட்டுடுவாங்க. டீசல் கேசு ரெடியா இருக்குது."

"நிஜமாவே பாதிதானா?"

"கோயில் போர்ல நானே மெஷின் புடிச்சேன்ணா. பாதியில நிறுத்துன்னாங்க, நிறுத்துனேன். எங்கம்மா மேல சத்தியம். காலனி போரு கூட வேலை செஞ்ச பசங்க சொன்னது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"அப்ப சம்பளம் குடுத்துட்டிருந்தாங்க."

இந்தப் பதிலை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்பவன் இப்படிச் சொல்வானா? அல்லது வயிற்றெரிச்சலில் கிளப்பிவிட்டதற்கு இதுவே சாட்சியா? அவன் போன பிறகு இரண்டு பக்கமும் யோசித்தேன். எந்தப் பக்கம் யோசித்தாலும் சரியாகவே பட்டது.

மறுநாள் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் வந்தார். நான் பயந்தபடி மிரட்டவில்லை. எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"அண்ணா, நீங்க பொய் எதுவும் சொல்ல வேணாம். அவன் ரெஞ்சு எடுத்தது நிஜமா இல்லையா?"

"நிஜம்."

"டீசல் வித்தது?"

"நிஜம்."

"அத மட்டும் சொல்லுங்க, போதும். நிஜத்த சொல்றதுக்கு யாருக்குப் பயப்படணும்?"

அவர் போன பிறகும் டீ கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லச் சொல்லியிருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நிஜத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். அதில் என்ன தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஆனால் நிஜம் வேண்டும் என்று டீ வாங்கிக் கொடுக்கிறார்களே, அதுதான் உறுத்தியது.

அப்போது எங்களுக்குப் புதிதாக ஒரு பொறியாளர் மேடம் வந்திருந்தார். தெற்குப் பக்கத்துக்காரர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவரிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும், ஏனென்றால் அவர் பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பைப்பைப் பார்த்துப் பேசுவார்.

"மேடம், முனிராஜ் சொல்றது நிஜமா இருக்குங்களா?"

"எனக்கென்ன தெரியும்? குழி போட்டப்ப நான் இங்க இல்லையே." பைப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீங்க நாளைக்கு அளவுக் கயிறைக் கொண்டு வந்துருங்க."

அளவுக் கயிறு என்றால் பத்தடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் இரும்புக் குண்டு கட்டிய கயிறு. இப்போது நீங்கள் கேமராவே இறக்குகிறீர்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெயில் கொளுத்தியது, அவருக்கு அன்று வேறு இரண்டு ஊருக்கும் போக வேண்டியிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியதும் முனிராஜைக் கூப்பிட்டார்.

"உனக்கு நேரடியா தெரிஞ்ச குழி எது? அதக் காட்டு. அது நிஜமான்னு பாத்துடுவோம்."

"கோயில் போருங்க சார்."

ஊர்க்காரர் இரண்டு பேர் உதவியுடன் பம்பைத் தூக்கி, பைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்தேன். கயிற்றை இறக்கினேன். ஊரே சுற்றி நின்றது. பாதி ஆழம் போனது. நிற்கவில்லை. முனிராஜ் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிச்சுகள் என் கையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. முந்நூறு அடிக்குப் பக்கத்தில்தான் குண்டு தட்டியது.

கூட்டம் ஓவென்று சத்தம் போட்டது. முனிராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சார், இது நான் போட்ட ஆழம் இல்ல. இடையில வந்து மறுபடியும் ஓட்டியிருக்காங்க சார்!"

"யாரு, யானை வந்து ஓட்டுச்சா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அதிகாரியே சிரித்துவிட்டார்.

கோயில் பூசாரி மனைவி, போன வாரம் மெஷின் சத்தம் கேட்டது என்றார். அது மணியக்காரர் தோட்டத்தில் போட்ட போர் என்றார் பூசாரி. மணியக்காரர் தோட்டத்தில் போட்டது அதற்கு முந்தின வாரம் என்றார் இன்னொருவர். கணவனும் மனைவியும் அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மேடம் குனிந்து, நான் கழற்றி வைத்த பைப்பின் முனையைப் பார்த்தார்.

"இந்த டேப் நீங்க சுத்துனதா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பைப் சேரும் மரையில் கசியாமலிருக்க நான் டேப் சுற்றுவதே இல்லை. சணல் சுற்றிப் பெயிண்ட் தடவுவேன். அதுதான் எனக்குப் பழக்கம். இங்கே எல்லா மரையிலும் வெள்ளை டேப்.

"இல்லைங்க மேடம்."

"வேற யாரு இதைக் கழட்டிப் பூட்டியிருப்பா?"

தெரியாது. போன மாதம் மூட்டுக் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தேன். அப்போது பக்கத்து ஒன்றியத்து மெக்கானிக் வந்து சரிசெய்திருக்கலாம். அல்லது முனிராஜ் சொன்னபடி, பம்பைக் கழற்றி மறுபடி குழியை ஓட்டிவிட்டுப் பூட்டியிருக்கலாம். ஒரு டேப்பை வைத்து எதைச் சொல்வது? மேடம் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

இந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"நீ இவன ரொம்ப வருஷமா பாக்கறியாமே?"

"ஆமாங்க சார்."

"பொய் சொல்ற ஆளா?"

முனிராஜ் தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. 

"சொல்லுப்பா. பயப்படாத."

"சொல்லுவாருங்க."

"டீசல் விக்கிறது உண்டா?"

"உண்டுங்க."

"அப்ப இவன நம்பலாமா, கூடாதா?"

"கூடாதுங்க."

சொன்னது எதுவும் பொய் இல்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு பைப்பும் நல்ல பைப்பாக இருந்து, பூட்டி முடித்துப் பார்த்தால் தண்ணீர் வேறெங்கோ போகிற மாதிரி இருந்தது. முனிராஜ் என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அதிகாரி ஃபைலை மூடிவிட்டு டிரைவரைத் தேடினார்.

எனக்கு இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. என்ன என்று அப்போது தெரியவில்லை. வாயைத் திறந்தால் வரவும் வராது. அத்தனை கண்களும் இன்னும் என் மேலேயே இருந்தன. அங்கே இன்னொரு நிமிஷம் நிற்க என்னால் முடியவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ரெஞ்சை எடுத்துக்கொண்டு, காலனிப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன்.

பிறகு ஆபீசில் இதைப் பெரிய தைரியம் என்று சிலர் பேசினார்கள். தைரியம் இல்லை. ஓடித்தான் போனேன். ஏன் வீட்டுப் பக்கம் ஓடாமல் காலனிப் பக்கம் ஓடினேன் என்று நானே பல தடவை கேட்டுக்கொண்டதுண்டு.

"யோவ், எங்கய்யா போற?" என்று சூப்பர்வைசர் கத்தினார்.

எனக்குப் பின்னால் மேடத்தின் குரல் கேட்டது: "சார், அடுத்த பாயிண்டுக்குப் போறார் சார். மனுவுல மூணு குழி இருக்கே."

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என் பின்னால் வந்தது. கூட்டம் வந்ததால் ஜீப்பும் வந்தது.

காலனி போரில் சணல் நான் சுற்றியபடியே இருந்தது. கயிறு பாதிக்குக்கூடச் சரியாகப் போகவில்லை. குண்டு தட்டி நின்றது. தூக்கித் தூக்கிப் போட்டேன். அதே இடம்.

சூப்பர்வைசர் தயாராக இருந்தார். "பம்பு வெக்கறதுக்கு முன்னாடி குழி கொஞ்ச நாள் தொறந்து கெடந்துதுங்க சார். பசங்க கல்லப் போட்டு மூடிட்டாங்க."

"எங்க பசங்களா?" ரத்தினம்மா முன்னால் வந்தார். "நூத்தம்பது அடிக்குக் கல்லு பொறுக்கிப் போடறதுக்கு எங்க பசங்களுக்கு வேற பொழப்பு இல்லையா? அவ்வளவு கல்லு இருந்தா நாங்க வீடு கட்டியிருப்போமே!"

மேடம் கயிற்றை வாங்கித் தானே இரண்டு முறை தட்டிப் பார்த்தார். "கல்லா, பாறையா? உங்களுக்கு என்ன தோணுது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தெரியலைங்க மேடம்." நிஜமாகவே தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் தட்டும்.

"எனக்கும் தெரியலை." பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "சார், போடவே இல்லைங்கிறார் இவர். மூடிப் போச்சுங்கிறார் அவர். யார் சொல்றது நிஜம்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம். குழி இப்ப பாதிதான் இருக்கு, தண்ணி இல்லை. அது ரெண்டு பேர் சொல்றதுலயும் நிஜம். திரும்பப் போட்டுத்தான் ஆகணும்னு எழுதிருவோமா சார்?"

அதிகாரி ஜீப் நிழலில் நின்று ஃபைலை மறுபடி திறந்தார். எழுதினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் கதை நேராக இருந்திருக்கும். காட்டோர போரையும் பார்த்தோம். அங்கேயும் என் சணல்தான், யாரும் கை வைக்கவில்லை. கயிறு முந்நூறுக்கு ஒரு முடிச்சும் குறையாமல் இறங்கியது. மறுபடி ஓட்டியிருக்க வழியே இல்லை. அங்கே முனிராஜ் சொன்னது சுத்தமான பொய்.

யோசித்துப் பாருங்கள். அவன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்த குழியில் அவன் பேச்சு நிற்கவில்லை. அடுத்தவர் சொல்லிக் கேட்ட காலனிக் குழியில் அது சரியாக இருந்தது. மூன்றாவது, தானாகச் சேர்த்தது. மனுதாரர் நம்பத்தகுந்தவர் அல்ல என்று அறிக்கை போனது. கையெழுத்துப் போட்ட பழைய பொறியாளரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. முனிராஜை டீசல் வழக்கில் பிடித்தார்கள். சில நாள் கிருஷ்ணகிரியில் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான்.

வந்த பிறகு ஓசூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். அத்திப்பள்ளிப் பக்கம் வேலை தேடிப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தான். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவனே கூப்பிட்டான்.

"அண்ணா! என்னாண்ணா, பேசாம போற?"

"முனிராஜு, அன்னைக்கு நான்…"

"நீ நிஜத்தத்தான சொன்ன. நான் பொய் சொல்ற ஆளுதான்." சிரித்தான். உள்ளே இருந்ததில் இளைத்திருந்தான்.

"காட்டோர போரு நல்லாத்தான இருந்துச்சு. அத ஏன் சேத்த?"

"ஒரு குழின்னு மனு போட்டா யாருண்ணா வருவா? மூணுன்னு போட்டேன், ஜீப்பு வந்துச்சு."

"அதனாலதான உன்ன நம்பாம போனாங்க."

"ஒண்ணுன்னு சொல்லியிருந்தா மட்டும் யானை முனிராஜ நம்பிடுவாங்களா?"

பஸ் வந்துவிட்டது. ஏறிய பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ரெஞ்ச மிதிச்சது யானைதாண்ணா! அப்புறம்தான் எடைக்குப் போட்டேன்!" என்று கத்தினான். நின்றிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அன்று நான் பார்த்தது கைப்பிடியில் சுற்றிய நீல ஒயரை மட்டும்தான். ரெஞ்சின் வாய் நசுங்கியிருந்ததா என்று குவியலை விலக்கிப் பார்க்கவில்லை. கூச்சத்தை விட்டுக் கடைக்காரரிடம் கேட்டேன். அந்தச் சரக்கெல்லாம் எப்போதோ உருக்கப் போய்விட்டது என்றார்.

காலனி போரைத் திரும்பப் போட வேறொரு வண்டி வந்தது. மேடம் என்னை நிற்கச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் பம்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அதே சூப்பர்வைசர்தான் வந்திருந்தார். பழைய ஆழத்தைத் தாண்டி முதல் ராடு புதுசாக இறங்கியது. ரத்தினம்மா எழுந்து வந்து, வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லை வைத்தார். அடுத்த ராடுக்கு இன்னொரு பெண் வந்து வைத்தாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அரசாங்கப் போருக்குக் கல் வைத்ததை நான் பார்த்தது அன்றுதான்.

சூப்பர்வைசருக்கு முகம் மாறிவிட்டது. "என்னாம்மா இது? எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பறது நம்பாதது எல்லாம் பெரிய வீட்டுச் சமாச்சாரம் சாமி," என்றார் ரத்தினம்மா. "எங்களுக்குக் கல்லு எண்ணத் தெரியும். எண்ணுறோம்."

சாப்பாட்டு நேரத்திலும் அவர்கள் எழுந்து போகவில்லை. கடைசிக் கல்லுக்கு முன் வெள்ளைப் புழுதி சேறாக மாறியது. நிறையத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் பம்பு பூட்டியதும் நிற்காமல் வந்தது. ரத்தினம்மா முதல் குடம் பிடித்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"மனு போட்டது அந்த யானைக் கதை சொல்றவனாமே?"

"ஆமாம்மா."

"பொய்க்காரப் பய." கையால் ஒரு வாய் அள்ளிக் குடித்தார். "இந்தப் பக்கம் வந்தா சொல்லு. ஒரு சொம்பு தண்ணி குடுக்கணும்."

அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை. நானும் தேடிப் போகவில்லை. கோயில் போரில் டேப் சுற்றியது யார் என்று இன்றுவரை தெரியாது. பக்கத்து ஒன்றியத்து மெக்கானிக்கைக் கேட்டேன். "நானாத்தான் இருக்கும், இல்லாமயும் இருக்கும்" என்றார்.

உங்களிடமும் ஒரு நாள், "அந்த ஆள் எப்படி?" என்று கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கயிற்றை மட்டும் எப்போதும் கையோடு எடுத்துப் போங்கள்.

வேலையை விடும் வரை அந்தக் காலனிப் பம்புக்குப் பல தடவை போயிருக்கிறேன். அந்தக் கற்கள் ரொம்ப நாள் அங்கேயே கிடந்தன. அப்புறம் குழந்தைகள் விளையாட எடுத்தார்கள், ஒருவர் அடுப்புக்கு முட்டுக் கொடுக்க எடுத்தார். கடைசியாகப் பார்த்தபோது இரண்டோ மூன்றோதான் மிச்சம். இப்போது போய் அதை எண்ணினால் குழியின் கணக்கு வராது. பழகிய கை என்பதால் அன்றும் பம்பைக் கழற்றியபோது கயிற்றை ஒரு முறை இறக்கிப் பார்த்தேன். குழி அதே ஆழம்தான்.